கம்புக்கு அரை டிக்கெட்

தார்ப்பாய் வாங்குவது சுலபம்.
பன்னிரண்டுக்குப் பத்து, நீலம், ஓரத்தில் பித்தளைக் கண்கள்.
லாங் பஜாரில் ஐந்து நிமிடம்.
அதைத் தூக்கி நிறுத்த எது என்பதில்தான்
மூன்று சனிக்கிழமைகள் போயின.

ஜெசிந்தா பிவிசி பைப் என்றாள்.
அவள் வீட்டு மொட்டைமாடிக் கொடிக்கு நட்டிருந்த பைப்
மே மாதத்து வேலூரில் வளைந்ததைப் பார்த்திருக்கிறேன்,
ஒரு ஈரத்துணிகூட இல்லாமல்
வெறும் வெயிலுக்கு.

கவுசர் போனில் காட்டியது அலுமினியம்.
மடித்தால் முழங்கை நீளம்,
விலை இரண்டாயிரத்து எண்ணூறு.
ஒரு ராத்திரிக்கா என்றேன்.
ஒரு ராத்திரிதான் மழை பெய்யும் என்றாள்.
அதற்குப் பதில் சொல்லவும் முடியவில்லை
வாங்கவும் முடியவில்லை.

சவுக்கு மண்டியில் ஒவ்வொன்றாய் எடுத்து
ஒரு கண்ணை மூடி நுனிவரை பார்த்தோம்.
நேராய் இருந்தது கனத்தது.
லேசாய் இருந்தது பாதி வளர்கையில் எதையோ யோசித்து
இடப்பக்கம் திரும்பியிருந்தது.
'பந்தலா, சென்ட்ரிங்கா?' என்றான் மண்டிப் பையன்.
'தூங்கறதுக்கு' என்றோம்.
அப்புறம் அவன் எங்களிடம் பேசவேயில்லை.

மூங்கில் என்றால் கல்மூங்கில்.
தட்டிப் பார்த்து, டொங்கென்று பதில் சொல்வதை வைத்துவிட்டு
சத்தம் போடாததை எடுக்கவேண்டும்.
(ஆட்களிடம் இதே சோதனையைச் செய்து
ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.
மூங்கிலுக்கு மட்டும்தான் பொருந்தும்.)
ஆறடியில் ஒன்று கிடைத்தது.
ஜோடி கிடைக்கவில்லை.

இரண்டாவது நின்றுகொண்டிருந்தது
கொசப்பேட்டைக் காயலான் கடையில்,
துருப்பிடித்த சைக்கிள் ரிம்களுக்குப் பின்னால்:
எங்கள் வார்டில் நான் தினமும் உருட்டும் சலைன் ஸ்டாண்டு,
இல்லாவிட்டால் அதன் சித்தப்பா மகன்.
சக்கரங்கள் இல்லை. நாலு கொக்கியில் ஒன்று போயிருந்தது.
உயரம் மாற்றும் திருகு மட்டும்
நேற்று எண்ணெய் விட்டதுபோல்.
நூற்றைம்பது ரூபாய்.
'இதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு தூக்கம் வருமா உனக்கு?'
கவுசர் கேட்டாள்.
இதன் பக்கத்தில் தூங்காமல் இருக்கத்தான்
எனக்குச் சம்பளம் என்றேன்.

அமிர்தி தாண்டி மலையேறும் பஸ்ஸில்
கண்டக்டர் ஸ்டாண்டைப் பார்த்து
யாருக்கு உடம்பு சரியில்லை என்றார் மெதுவாக.
யாருக்கும் இல்லை என்றதும் குரல் மாறிவிட்டது.
உங்களுக்கு இலவசம், சரி,
கம்பு என்ன பொம்பளையா?
இரண்டுக்கும் சேர்த்து அரை டிக்கெட்.

மேலே ஒரு சாண் மண், அதற்குக் கீழே பாறை.
மூங்கிலுக்கு ஓரமாய் ஒரு பொந்து கிடைத்தது, கல் வைத்து இறுக்கினோம்.
ஸ்டாண்டு பாறைமேலேயே காலை விரித்துக்கொண்டது.
அங்கேதான் தெரிந்தது,
கம்பு எதையும் தாங்குவதில்லை.
இந்தப் பக்கக் கயிறும் அந்தப் பக்கக் கயிறும்
விடாமல் இழுக்கிற இழுப்பில்
விழ நேரமில்லாமல் நிற்கிறது.
மூன்று சனிக்கிழமையும்
கயிறு பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.
ஜெசிந்தாவின் துப்பட்டா ஒன்று குறைந்த இடத்துக்குப் போனது.

ஒரு மணிக்குக் காற்று.
தார்ப்பாய் வயிறு உப்பி மேலே போகப் பார்த்தது.
டார்ச்சை வாயில் கவ்வி ஊர்ந்து வெளியே வந்து
திருகைத் தளர்த்தி இரண்டு சாண் இறக்கினேன்.
கை தானாகச் செய்தது.
எத்தனையோ ராத்திரி, எத்தனையோ பேருக்கு
வேகம் குறைக்க இறக்கிய அதே இறக்கம்.
காற்று எங்களைத் தாண்டி
நம்மியம்பட்டுப் பக்கம் போய்விட்டது.

பிறகு மழை, சத்தமாய், அப்புறம் சாதாரணமாய்.
அவர்கள் இருவரும் தூங்கிவிட்டார்கள்,
கவுசர் ஷூவோடு.
கொக்கி மாட்டிய பித்தளைக் கண்ணில் நீர் கோத்து
என் தலைமாட்டில் சொட்டியது.
வாட்சைத் திருப்பி எண்ணினேன்.
நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு.
கொஞ்சம் அதிகம்தான்.
எழுந்து சரிசெய்யலாமா என்று யோசித்தேன்,
யார் படுக்கையும் இல்லை என்று ஞாபகம் வந்தது,
இருந்தாலும் இன்னொரு நிமிடம் எண்ணினேன்.
நாற்பது.